வாசகர் கேள்வி – பதில்: தாமஸ் மன்றோவும் ரயத்துவாரியும்

கேள்வி: பட்டாவும் ஜமாபந்தியும் தாமஸ் மன்றோ காலத்து ரயத்துவாரியிலிருந்து வந்தவை என்கிறார்கள். அவரை உழவர்களின் காவலர் என்று போற்றுவது சரியா?
– வாசகர், தருமபுரி

பதில்: இந்தக் கேள்வி தருமபுரியிலிருந்து வந்திருப்பது மிகவும் பொருத்தம், உழவரிடமிருந்தே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை முதலில் முயன்று பார்க்கப்பட்டது உங்கள் பகுதியில்தான். மன்றோ 1761இல் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். வர்ஜீனியாவோடு நடத்திய வணிகம் அமெரிக்க விடுதலைப் போரால் நொடித்துப்போய்த் தந்தை வறுமையில் விழவே, மகன் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780இல் சென்னை வந்திறங்கினார். ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் எதிரான போர்களில் பணியாற்றிய அவரை வருவாய்த் துறைக்குக் கொண்டுவந்தது திப்புவுடன் ஏற்பட்ட 1792ஆம் ஆண்டு உடன்படிக்கை. அதன்படி சேலமும், இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அவற்றின் நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக மன்றோ நியமிக்கப்பட்டார். நிலத்தை அளந்து, வயலுக்கு வயல் தீர்வை (நிலவரி) விதித்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழவரிடமே வசூலிக்கும் முறையை அங்கே தொடங்கி வைத்தவர் ரீட். பெருமை முழுவதையும் மன்றோவுக்கே கொடுத்துவிடுவது ரீடுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பின்னர் கன்னடக் கடற்கரையிலும், ஹைதராபாத் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை பகுதிகளிலும் 1807 வரை மன்றோ ஆட்சியராக இருந்தார். கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்று தீர்வையை நிர்ணயித்த அவருடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர் விதித்த தீர்வையோ விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு. அது தாங்க முடியாத சுமை என்பதை அவரே உணர்ந்து, நான்கில் ஒரு பங்கைக் குறைத்து, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்களவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1807இல் பரிந்துரைத்தார். அந்தக் குறைப்பு இல்லாமல் உழவனுக்கு நிலத்தில் உண்மையான உரிமை பிறக்காது என்பது அவருடைய வாதம். சென்னை அரசு அதை ஏற்கவில்லை. மாறாக, கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டது. பாராமகாலிலும் சேலத்திலும் அதற்கு முன்பே நிலங்களை மிட்டாக்கள் எனப்படும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டிருந்தார்கள். ஏலம் எடுத்த மிட்டாதார்கள் பலர் கட்ட முடியாமல் நொடித்துப்போனார்கள்.

1807இல் தாய்நாடு திரும்பிய மன்றோ, 1813இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்துத் தம் கொள்கைக்கு ஆதரவு தேடினார். 1820இல் சென்னை மாகாண ஆளுநரான பிறகு ரயத்துவாரியை மாகாணத்தின் பொது முறையாக்கினார். முறை வந்தபோதும் கொடுமை தீரவில்லை. ஜமீன்தார் நின்ற இடத்தில் தாசில்தாரும் அவருடைய சேவகர்களும் வந்து நின்றார்கள். வரி வசூலுக்காக உழவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855இல் அரசே அமைத்த விசாரணைக் குழு உறுதி செய்தது. கலெக்டரிடமே வருவாய், காவல், நீதி அதிகாரங்கள் குவிவதற்கு வழிவகுத்த 1816ஆம் ஆண்டுச் சட்டங்களும் மன்றோவின் முயற்சியால் வந்தவை என்பதை இங்கே மறக்கலாகாது. உழவனின் நிலையை நேரில் கண்டறிந்த அதிகாரி என்று அவரைச் சொல்லலாம். காவலர் என்ற பட்டம் மிகை.

கேள்வி: அவர் எப்படி இறந்தார்? கல்லறை எங்கே உள்ளது?
– வாசகி, ஓசூர்

பதில்: பதவியை விட்டு நாடு திரும்ப இருந்த நிலையில், தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவரச் சென்றவர், 1827 ஜூலை 6 அன்று கர்நூல் பகுதியிலுள்ள பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். முதலில் குத்தி (Gooty) என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்ட உடல், பிறகு சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது.

கேள்வி: இந்தியர்கள் தம்மைத் தாமே ஆள வேண்டும் என்று மன்றோ எழுதினாராமே, உண்மையா?
– வாசகர், வேலூர்

பதில்: உண்மைதான். 1824 டிசம்பர் 31ஆம் நாளிட்ட குறிப்பில், உயர்ந்த பதவிகள் அனைத்திலிருந்தும் ஒரு மக்களை விலக்கி வைத்தால் அவர்களுடைய தன்மதிப்பே அழிந்துவிடும் என்று எச்சரித்தார். அவர்கள் ஆட்சிக்குத் தகுதி பெற்றபின் பிரிட்டன் படிப்படியாக விலகுவதே இரு நாடுகளுக்கும் நல்லது என்றும் எழுதினார். 1822இல் அவர் ஆணையிட்ட கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் ஏறத்தாழ 1,88,000 மாணவர்களும் இருந்ததைப் பதிவு செய்தது; நம் நாட்டுக் கல்வி வரலாற்றுக்கு அது ஒப்பற்ற ஆவணம். ஆயினும் அதே 1822இல், சுதந்திரமான பத்திரிகைகள் அந்நியர் ஆட்சிக்கு, குறிப்பாகச் சிப்பாய்ப் படைக்கு, ஆபத்தானவை என்று வாதிட்டு அவற்றைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னவரும் அவரே. விலகும் நாளை அவர் மிகத் தொலைவில் வைத்திருந்தார். அதுவரை ஆட்சியின் பிடி தளரக்கூடாது என்பதில் அவருக்கு எந்த ஐயமும் இருக்கவில்லை.