பெட்டி மட்டையில் உம்மு குல்தூம்: ஓவியம் கேள்வி பதில்

கேள்வி: எகிப்திய ஓவியர் சாந்த் அவெடிசியன் பழைய சினிமா நட்சத்திரங்களை மட்டையில் தீட்டியிருக்கிறார். பார்க்க விளம்பரத் தட்டி போலிருக்கிறது. இதில் அரபு மரபு எங்கே?
(வாசகி, நல்லூர்)

பதில்: முகத்தை விட்டுப் பின்னணியைப் பாருங்கள். பண்டைய எகிப்திய மன்னர்களான பரோவாக்கள் காலத்துச் சின்னங்களும் இஸ்லாமிய வடிவக்கோலங்களும் உதுமானியத் துருக்கிய அலங்காரங்களும் அங்கே கலந்து கிடக்கின்றன. 1951இல் கெய்ரோவில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த அவெடிசியன், மொன்றியலிலும் பாரிசிலும் படித்துவிட்டு ஊர் திரும்பி, மண்வீடுகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தியோடு வேலை செய்தவர். பாடகி உம்மு குல்தூமையும் சனாதிபதி நாசரையும் பழைய சஞ்சிகைப் படங்களிலிருந்து எடுத்து, ஸ்டென்சில் (உருவத்தைத் துளையாக வெட்டிய தகடு) வெட்டி, கழிவு மட்டையில் பதித்தார். பாடகிக்கும் சனாதிபதிக்கும் ஒரே அளவு மட்டைதான். அவருடைய விளையாட்டு அதுவே. அதில் கேலி இல்லை, கனிவு இருக்கிறது. 120 துண்டுகள் கொண்ட ஒரு தொகுதி 2013இல் தோஹா ஏலத்தில் 15 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது.

கேள்வி: மாணவர்களோடு இந்த முறையைச் செய்து பார்த்தோம். வர்ணம் வெடிக்கிறது, ஓரம் கசிகிறது, மட்டை வளைகிறது.
(சித்திர ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: வெடிப்புக்குக் காரணம் வர்ணத்தூளைப் பிடித்துவைக்கும் பிசின் கூடியது. அவெடிசியன் பாவித்தது அரபுப் பிசின் (கம் அரபிக்). ஒரு பங்கு பிசினுக்கு இரண்டு பங்கு சுடுநீர் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடியுங்கள். இருபது கரண்டிக் கரைசலுக்கு ஒரு கரண்டி தேன் சேர்த்தால் படலம் வளைந்துகொடுக்கும். மாரியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கக் கராம்பு எண்ணெய் சில துளி. வர்ணத்தூளைக் குழைத்து ஒரு கோடு போட்டுக் காயவிடுங்கள். விரலில் தூள் ஒட்டினால் பிசின் போதாது; பளபளத்து வெடித்தால் அதிகம். விளாம்பிசினும் நன்றாகக் கரையும். பாதாம்பிசின் வேண்டாம், அது கரையாமல் கூழாக ஊதிவிடும்.

கசிவது வர்ணம் தண்ணியாக இருப்பதால். தயிர்ப் பதத்தில் எடுத்து, கட்டை மயிர்த் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து ஒற்றுங்கள். இழுத்தால் ஸ்டென்சிலுக்கு அடியில் போய்விடும். பழைய எக்ஸ்ரே பிலிம் நல்ல ஸ்டென்சில். மட்டை வளைவது ஒரு பக்கம் மட்டும் நனைவதால். முதலிலேயே இரண்டு பக்கமும் மெல்லிய பிசின்நீர் பூசி, பாரம் வைத்துக் காயவிடுங்கள்.

உருவங்களை எங்கள் யாழ்ப்பாணத்திலிருந்தே எடுக்கலாம்: தவில் மேதை தட்சணாமூர்த்தி, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். பின்னணிக்குப் பனையோலைச் சாயப்பெட்டியின் பின்னலைவிடச் சிறந்ததை நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: அரபு எழுத்தை ஸ்டென்சிலாக வெட்டலாமா?
(மாணவி, சோனகத்தெரு)

பதில்: வெட்டலாம், ஆனால் எழுத்தெழுத்தாகப் பிரிக்கக்கூடாது. இடத்துக்கேற்ப எழுத்தின் உருவம் மாறும். அலிப், தால், ஸால், றே, ஸே, வாவ் ஆகிய ஆறும் தமக்கு அடுத்ததோடு சேரமாட்டா; இயல்பான இடைவெளி அங்கேதான் விழும். மற்ற இடங்களில் நீண்ட துளையாகிப் பிலிம் தொய்யும் என்பதால் 3 மில்லிமீற்றர் அகலப் பாலம் (வெட்டாமல் விடும் இணைப்புத் துண்டு) விடுங்கள். மீம், வாவ் சுழிகளுக்கும் பாலம் கட்டாயம், இல்லாவிட்டால் நடுத்துண்டு விழுந்துவிடும். பதிக்கும் பக்கத்தில் அடையாளம் போட்டு வையுங்கள். பிலிமைப் புரட்டி வைத்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் பதியும்.