சொகுசு செடானைத் தாழ்த்தினால் சொகுசு போய்விடுமா?

ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்தால் சொகுசு போய்விடுமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். எவ்வளவு போகும் என்பது நீங்கள் எதை மாற்றுகிறீர்கள், எப்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் ஒரே காரை இரண்டு தடவை தாழ்த்தியவன். முதல் தடவை 40 மி.மீ. மூன்றே மாதத்தில் "பின் சீட்டில் இனி நான் உட்கார மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். இரண்டாம் தடவை 20 மி.மீ. இன்றுவரை அந்தக் கார் தாழ்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

உங்களிடம் இருப்பது மின்னணு டேம்பர் (ஷாக், அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாய்) உள்ள பெரிய செடான். 35 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் செட்டைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், குடும்பத்தோடு நெடுந்தூரம் போவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன்: அந்த 35 வேண்டாம்.

தாழ்த்திய கார் ஏன் குத்துகிறது என்று கேட்டால், "ஸ்பிரிங் கெட்டியாகிவிட்டது" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மையை 30 சதவீதம் கூட்டினாலும், கார் மேலும் கீழும் அசையும் வேகம் 14 சதவீதம்தான் கூடும். அது வர்க்கமூலக் கணக்கில் போவது. மென்மையான செடான் ஒன்று நொடிக்கு 1.2 முறை அசைகிறது என்றால், அது 1.37 ஆகும். வித்தியாசம் தெரியும், ஆனால் யாரும் சீட்டை விட்டு ஓட மாட்டார்கள்.

உண்மையான குத்து பம்ப் ஸ்டாப்பிலிருந்து வருகிறது. ஷாக் தண்டின் மேல் முனையில் இருக்கும் நுரை ரப்பர் கட்டைதான் அது. சக்கரம் மேலே வரும்போது ஓரளவுக்கு மேல் போனால் அதில் மோதும், அந்த இடத்தில் சஸ்பென்ஷன் சட்டென்று பல மடங்கு கெட்டியாகிவிடும். என் காரின் முன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) அந்தக் கட்டையைத் தொடுவதற்கு முன் 55 மி.மீ. இடம் இருந்தது. நான் 40 எடுத்துவிட்டேன், மீதி 15. அதற்குப் பிறகு ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் கார் ஸ்பிரிங்கின் மேல் ஓடவில்லை, ரப்பர் கட்டையின் மேல் ஓடியது. பின்பக்கம் இன்னும் மோசம். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் அது தானாகவே 30 மி.மீ.க்கு மேல் இறங்கும். கிளம்பும்போதே கட்டையில் உட்கார்ந்துவிடும். அம்மாவின் கோபத்துக்குக் காரணம் அதுதான்.

இதைக் காசு செலவழிப்பதற்கு முன்பே சோதிக்கலாம். ஷாக் தண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக்கின் உடலை ஒட்டித் தள்ளி வையுங்கள். தூசி உறை இருந்தால் அதை மேலே தூக்கிவிட்டுக் கட்ட வேண்டும். வழக்கமான சாலையில் சில நாட்கள் ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறதோ அவ்வளவு தூரத்தைச் சஸ்பென்ஷன் பயன்படுத்தியிருக்கிறது. டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவில் மிஞ்சிய இடம்தான் நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம். எந்த ஸ்பிரிங் விளம்பரமும் சொல்லாததை இந்தச் சின்ன டை சொல்லிவிடும்.

அடுத்தது டேம்பர். பலர் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவிடுவார்கள். கெட்டியான ஸ்பிரிங் துள்ளித் திரும்பும்போது அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. அது ஏற்கெனவே களைத்திருந்தால் கார் ஒரே நேரத்தில் குத்தவும் செய்யும், ஆடவும் செய்யும். இரண்டு கெட்டதும் சேர்ந்து வரும். நீளமும் பொருந்த வேண்டும். பில்ஸ்டைன் நிறுவனம் பி6 என்ற ஷாக்கை அசல் உயரத்துக்கும், பி8 என்பதைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி குட்டையாகவும் தனித்தனியாகச் செய்வது இதற்காகத்தான். உங்களுடையது மின்னணு டேம்பர் என்பதால், அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் மாட்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். அதை அடக்க ஒரு தனிக் கருவி வேண்டும். என்னைக் கேட்டால் டேம்பர் நல்ல நிலையில் இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு, அதனுடன் சேர்ந்து வேலை செய்யும்படி வடிவமைத்த ஸ்பிரிங் வாங்கி, 20 மி.மீ.யோடு நின்றுவிடுங்கள். டேம்பரை மென்மையாக்கும் கம்ஃபர்ட் பொத்தானுக்காகத்தானே அவ்வளவு விலை கொடுத்தீர்கள்?

முன்னும் பின்னும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக இருக்கட்டும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் மொரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டது இது: முன் சஸ்பென்ஷன் பின்னதைவிடச் சற்று மெதுவாக அசைய வேண்டும். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பிறகு ஏறும் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக அசைந்தால்தான் இரண்டும் சேர்ந்து அடங்கும். முன்னால் மட்டும் கெட்டியான ஸ்பிரிங் போட்டால் கார் தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடும். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் யோசனையைப் பற்றி எழுதக்கூட விரும்பவில்லை. சக்கரம் முழுக்கத் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டை விட்டு நழுவிவிடலாம்.

இப்போது நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் தடவை 20 மி.மீ. ஸ்பிரிங், சரியான ஷாக் எல்லாம் போட்ட பிறகும் கார் விறைப்பாகவே இருந்தது. ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் குற்றம் ரப்பர் புஷ்களில். சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் கைதான் கண்ட்ரோல் ஆர்ம்; அதன் மூட்டில் இருக்கும் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். மாட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்கள். கார் தரையில் இறங்கியதும் எல்லாப் புஷ்களும் நின்ற இடத்திலேயே முறுக்கிய நிலைக்கு வந்துவிட்டன. அப்படி இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி எதிர்க்கும், சீக்கிரம் கிழியவும் செய்யும். போல்ட்டுகளைத் தளர்த்தி, காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது புது உயரத்தில் மறுபடி இறுக்கியதும் வேறு காராகிவிட்டது. ஒரு பொருளும் மாற்றவில்லை! உங்கள் மெக்கானிக்கிடம் வேலைக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். சொன்னால் முகம் சுளிப்பார், பரவாயில்லை. சக்கர மையத்திலிருந்து அதன் மேலே இருக்கும் ஃபெண்டர் விளிம்புவரை அளந்து வைத்துக்கொண்டால், நான்கு மூலைகளிலும் உயரத்தைச் சரிபார்க்கலாம்.

பெரிய ரிம்மும் சேர்த்துப் போடும் ஆசை இருந்தால், ஒரு கணக்கு. 245/45 ஆர்18 டயரின் பக்கச்சுவர் 110 மி.மீ. (245 மி.மீ. அகலத்தில் 45 சதவீதம்; 18 என்பது ரிம்மின் அங்குலம்). அதையே 245/35 ஆர்20 ஆக்கினால் 86 மி.மீ.தான். சாலையின் கூர்மையான விளிம்புகளை முதலில் விழுங்குவது டயர்; அந்த மெத்தையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதைவிட வேடிக்கை, இரண்டு டயரின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் ஃபெண்டர் இடைவெளி குறையவே குறையாது. நான் 18 அங்குலத்துக்கே திரும்பிவிட்டேன். உங்கள் காரில் ரன்-ஃப்ளாட் டயர் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் கெட்டியான டயர்) இருந்தால், அதைச் சாதாரண டயராக மாற்றுவது மட்டுமே தாழ்த்தியதில் இழந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டோ உடன் இருக்க வேண்டும்.

அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) பற்றிச் சுருக்கமாக: ஸ்பிரிங் படிந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் செய்யுங்கள். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி, கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்.

அப்புறம், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள மாடலுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதில் உயரத்தை அளக்கும் சென்சாரின் இணைப்புத் தண்டான லிங்கின் நீளத்தை மாற்றியோ ஒரு மின்னணுக் கருவியாலோ உயரத்தைக் குறைக்க முடியும், எளிதுதான். ஆனால் பையிலுள்ள காற்றின் கனஅளவு குறைவதால் அதுவும் சற்றுக் கெட்டியாகும், பம்ப் ஸ்டாப் கணக்கு அங்கேயும் அப்படியே இருக்கிறது. தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹெட்லைட்டும் அதே உயர சென்சாரைப் பார்த்துத்தான் தன் கோணத்தை முடிவு செய்கிறது. லிங்கைத் தொட்டால் விளக்கின் கோணத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் எதிரே வருபவரின் கண் கூசும், அல்லது உங்களுக்குச் சாலை தெரியாது.

முதலில் அந்தக் கேபிள் டையைக் கட்டுங்கள். தனியாக ஒரு தடவை, குடும்பமும் பெட்டிகளும் ஏறிய பிறகு ஒரு தடவை. இரண்டு அளவையும் கருத்துப் பகுதியில் போட்டால், எத்தனை மி.மீ. எடுக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.