சரிவில் கீழ்நோக்கிச் சுடும்போது குண்டு மேலே போவது ஏன்?

மான் நேர்கோட்டில் 300 மீட்டர் தள்ளி நின்றாலும், 300-க்கு அல்ல, 230 மீட்டருக்குத்தான் குறி வைத்திருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையில், பாறை விளிம்பிலிருந்து 40 டிகிரி கீழே நின்ற ‘வால் ரீபொக்’ என்ற மானின் முதுகுக்கு மேலே குண்டு போனதாகச் சொல்கிறீர்கள். குண்டு எவ்வளவு தாழும் என்பதைக் கிடைமட்டத் தூரம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கும்: 300 × 0.77 (40 டிகிரியின் கொசைன்), அதாவது சுமார் 230 மீட்டர். டர்பனில் சமதளத்தில் சரிபார்த்த துப்பாக்கியில் கோளாறு இருக்காது.

உங்கள் லேசர் தூரமானி கோணத்தையும் கணக்கில் எடுக்கிறதா, பாருங்கள். இன்னொன்று, துப்பாக்கியை வெறும் பாறைமேல் வைத்தீர்களா? அப்படி வைத்தாலும் துள்ளி, குண்டு மேலே போகும். முதுகுப்பையை அடியில் கொடுங்கள்.

காற்றுக்கு மட்டும் முழு 300 மீட்டரையே எடுங்கள். அப்புறம், இறங்கி எடுக்க முடியாத விளிம்பில் நிற்கும் மானைச் சுடாதீர்கள். அடிபட்ட உயிர் பள்ளத்தில் கிடந்து துடிக்கக் கூடாது.