வாசலில் வெளுத்துக் கிடப்பதைச் சுரண்ட வேண்டுமா?

கேள்வி: நாங்கள் மூணாறுக்கு மேலே குண்டளை பக்கம், ஓடையை ஒட்டிய பள்ளத்தில் தகரக் கூரை வீட்டில் குடியிருக்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து, விடிந்து பார்த்தால் வாசல், படி, ஜீப் கண்ணாடி, பீன்ஸ் பாத்தி எல்லாம் உப்பைக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கின்றன. கனடாவில் இருக்கும் என் மகன், அங்கே வாசலில் கிடக்கும் பனியை வாரித் தள்ளிவிட்டு உப்புத் தூவுவார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்கிறான். செய்யலாமா? பாத்தியில் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது? இரவில் கூரையிலிருந்து படுக்கை மேல் தண்ணீர் சொட்டுவதும் இதனால்தானா?

பதில்: உங்கள் மகன் சொல்வது அவர் இருக்கும் ஊருக்கு முற்றிலும் சரி, உங்கள் வாசலுக்குப் பொருந்தாது. குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. காலையில் புல்லில் நிற்கும் நீர்த்துளி, மலையை மூடும் மூட்டம், வானத்திலிருந்து பஞ்சாக விழுவது, தரையில் உறைந்து வெளுப்பது ஆகிய நான்கையும் தமிழில் பனி என்றே சொல்லிவிடுகிறோம்; உங்கள் பக்கத்து மலையாளிகளும் மஞ்ஞு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். கனடாவில் கிடப்பது மேகத்திலிருந்து விழுந்து முழங்கால் அளவுக்குக் குவியும் பனி. அதை வாரித் தள்ளாவிட்டால் கதவைத் திறக்க முடியாது. அடுத்த நாள் மிதிபட்டு இறுகிக் கல்லாகிவிடும். உங்கள் வாசலில் இருப்பது உறைபனி. அது எங்கிருந்தும் விழவில்லை. காற்றில் இருந்த ஈரம், குளிர்ந்துபோன பொருளின் மேலேயே படிந்து உறைந்தது. வெயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் தானே போய்விடுகிற அதை அகற்றுவதற்கு உழைப்பதில் பயன் இல்லை. முந்தின நாள் மாலையில் அரை மணி நேரம் செலவிட்டு, அது படியாமல் பார்த்துக்கொள்வதே உங்களுக்கு உரிய வேலை.

அதற்கு அது எப்படி உண்டாகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பகலில் வெயிலை வாங்கிய தரை, இரவு முழுவதும் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல நின்று பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்றும் அசையாமல் நின்றால், வெப்பம் போனது போனதுதான். தரையைத் தொட்டு நிற்கும் காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் வந்து தேங்குகிறது. மேட்டில் உள்ள லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒன்றும் இல்லாதபோது ஓடைக் கரையில் உள்ள உங்கள் வீடு மட்டும் வெளுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். ஆள் உயரத்தில் தொங்கும் வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே கீழே புல்நுனி சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம் என்பதால், அந்த எண்ணை நம்பிச் செடியை மூடாமல் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, அடுப்புப் புகை நேராக மேலே எழுந்தால், அன்று இரவு உறைபனி வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியின்படி, உங்களுக்கு இன்னும் இரண்டு மாத வேலை மீதி இருக்கிறது.

நான் சொல்வதை நம்பவேண்டாம். இன்றிரவே சோதித்துப் பாருங்கள். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளில் விரல்நகம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றை வாசலின் நடுவில் வைக்கோல் பரப்பி அதன் மேலும், மற்றதைச் சற்றுத் தள்ளி இறவாரத்துக்கு அடியில் அதேபோல வைக்கோல் பரப்பி அதன் மேலும் வையுங்கள். விடியற்காலையில் வெளியே வைத்த தட்டில் அப்பளம் போல் ஒரு பனித்தகடு மிதக்கும்; விரலால் தட்டினால் சில்லுச்சில்லாக உடையும். இறவாரத்துத் தட்டில் பெரும்பாலும் வெறும் குளிர்ந்த தண்ணீர்தான் இருக்கும். ஒரே வீடு, ஒரே இரவு. ஒன்றுக்கு மேலே வானம் தெரிந்தது, மற்றதற்குத் தெரியவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவில் பனிக்கட்டி எடுத்தவர்கள் இதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள்: ஆழமில்லாத மண்சட்டிகளில் தண்ணீர் ஊற்றி, திறந்த வெளியில் வைக்கோல் பரப்பின் மேல் வரிசையாக வைத்து, விடியும் முன் பனிக்கட்டியைத் திரட்டினார்கள். வைக்கோலை ஏன் அடியில் போட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திக்கு வரும்போது அது தேவைப்படும்.

இனி உப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தால் அது ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரி வரை உறையாது. ஆகவே உங்கள் படியில் உள்ள மெல்லிய படலத்தை உப்பு கரைத்துவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கரைந்த உப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். படியிலிருந்து வழிந்து, வாசலோரத்துச் செடிக்கும், அடுத்த மழையில் பாத்திக்கும், ஓடைக்கும் போகும். கான்கிரீட் படியாக இருந்தால் உள்ளே உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். வருடத்தில் சில வாரங்கள், காலையில் ஒரு மணி நேரம் மட்டுமே இருக்கிற தொல்லைக்கு இந்த விலை அதிகம். அதைவிட நல்ல பொருள் உங்கள் அடுப்பிலேயே இருக்கிறது. சலித்த விறகுச் சாம்பலுடன் கொஞ்சம் ஆற்றுமணலைக் கலந்து, விடிந்ததும் படியில் தூவினால், மணல் காலுக்குப் பிடிப்புத் தரும். வெளுத்த படலத்தைவிடச் சாம்பல் நிறம் கருத்தது என்பதால், அது வெயிலை இழுத்துப் படலத்தைச் சீக்கிரம் உருக்கும். பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் வழுக்கி விழுவது உறைபனியால் மட்டும் அல்ல, அதன் அடியில் மாதக்கணக்கில் படிந்திருக்கும் பாசியாலும்தான். அதை ஒரு வெயில் நாளில் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வாசல் கழுவுவதையும், படியருகே பாத்திரம் கழுவிய நீரைக் கொட்டுவதையும் இந்த இரண்டு மாதம் நிறுத்துங்கள்.

ஜீப் கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே கூடாது. அவசரத்தில் ஒரு நண்பர் கட்டஞ்சாயாவுக்குக் கொதித்த நீரில் பாதியை ஊற்றியதையும், வைப்பர் இருந்த மூலையிலிருந்து மேல் விளிம்பு வரை ஒரு கோடு சத்தமில்லாமல் ஓடியதையும் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடியின் ஒரு பகுதி மட்டும் திடீரென்று விரிவதால் வரும் விரிசல் அது. மாலையிலேயே பழைய கம்பளியையோ அட்டையையோ கண்ணாடி மேல் போட்டு, அதன் விளிம்பைக் கதவிடுக்கில் செருகிவிட்டால் காலையில் உருவி எடுப்பது மட்டுமே வேலை. மறந்துவிட்ட நாளில், பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டுங்கள், அல்லது இரண்டு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து தெளிப்பானில் வைத்திருந்து அடியுங்கள். ஒட்டிக்கொண்ட வைப்பரை ஓடவிட்டால் ரப்பர் கிழிந்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து.

ஓடையிலிருந்து வீட்டுக்கு வரும் கருப்பு ஓஸ் புல்லின் மேல் கிடந்தால் அதில் தண்ணீர் உறையக்கூடும். உறையும்போது நீர் 9 விழுக்காடு பெருப்பதால் இணைப்புகள் கழன்றுவிடும். ஒரு சாண் ஆழத்தில் புதைத்துவிடுங்கள், அல்லது இரவில் குழாயைச் சொட்டுச்சொட்டாக விட்டுவையுங்கள். அடைத்துக்கொண்டால் வெயில் வரும்வரை பொறுக்க வேண்டும். தீ காட்டினால் பிளாஸ்டிக் இளகிப்போகும்.

கூரை சொட்டுவதற்கும் மூலகாரணம் இதுவே, ஆனால் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. தகரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் குளிர்கிறது. உள்ளே நீங்கள் விடும் மூச்சிலும், கொதிக்கும் உலையிலும், உலர்த்தப் போட்ட ஈரத் துணியிலும் உள்ள நீராவி மேலே போய், குளிர்ந்த தகரத்தின் அடிப்பக்கத்தில் வியர்த்து, ஆணியை ஒட்டி ஒன்றுசேர்ந்து சொட்டுகிறது. ஆணித்துளையில் தார் பூசி எவ்வளவு அடைத்தாலும் இது நிற்காது. தகரத்துக்கு ஒரு சாண் கீழே மூங்கில் தட்டியோ சாக்குத் துணியோ கட்டி ஒரு தட்டு அமைத்து, இரண்டு முக்கோணச் சுவர்களிலும் கை நுழையும் அளவுக்குக் காற்றுத் துவாரம் விட்டால், ஈரம் வெளியேறும். அறையும் முன்னைவிடக் கதகதப்பாக இருக்கும். குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் துணியால் அடைத்துவிட்டு, கரி நெருப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது மலையில் பலருக்கும் உள்ள பழக்கம். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். தூங்கப் போகும் முன் சட்டியை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

இப்போது பாத்தி. 2019 ஜனவரித் தொடக்கத்தில் மூணாறு வட்டாரத்தில் வெப்பநிலை பல நாள் தொடர்ந்து சுழியத்துக்குக் கீழே இறங்கித் தேயிலைத் தோட்டங்கள் கருகியது உங்களுக்கு நினைவிருக்கும். எல்லாச் செடியும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. முட்டைக்கோஸ், கேரட், பூண்டு ஆகியவை ஓரளவு உறைபனியைத் தாங்கும்; அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பீன்ஸ், தக்காளி, மிளகாய், பூசணி, உருளைக்கிழங்கின் தழை ஆகியவை மைனஸ் 1, 2 டிகிரியிலேயே விழுந்துவிடும். கையிருப்பில் உள்ள மூடுதுணியை இவற்றுக்கே செலவிடுங்கள்.

வைக்கோல் விஷயம் இங்கேதான் வருகிறது. சட்டிக்கு அடியில் வைக்கோல் போட்டது, தரையின் வெப்பம் தண்ணீருக்கு ஏறாமல் தடுப்பதற்காக. செடிக்குக் குளிருமே என்று பாத்தி முழுதும் காய்ந்த புல்லைப் பரப்புகிறவர் அறியாமல் அதே வேலையைத்தான் செய்கிறார்: மண்ணில் உள்ள சூடு மேலே வந்து இலையைத் தொடுவதற்கு வழியில்லாமல் போகிறது. மூடாக்கு கோடைக்கு நல்லது. உறைபனி மாதங்களில் பாத்தி களையில்லாமல், கிளறப்படாமல், ஈரமாக, வெயில் படும்படி வெறுமையாக இருக்க வேண்டும். ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமிக்கும் என்பதால், முற்பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுங்கள். மாலையில் இலை மேல் தெளிக்காதீர்கள். புல்லும் தழையும் செடிக்கு மேலே இருக்க வேண்டியவை. நான்கு குச்சி நட்டு, செடிக்கு ஒரு சாண் உயரத்தில் பந்தல் போலக் கட்டி, பெரணித் தழையையோ பழைய சேலையையோ சாக்கையோ போடுங்கள். அதன் ஓரம் தரையைத் தொடும்படி இறக்கிவிட்டால்தான் மண்ணின் சூடு உள்ளேயே தங்கும். மெல்லிய பாலித்தீன் தாள் மட்டும் போதாது. அது வெப்பத்தை மேலே போகவிடும், இலையைத் தொட்ட இடமெல்லாம் கருகும். வெயில் வந்ததும் மூடியதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மண் அன்றைய வெப்பத்தை வாங்காது.

இரவெல்லாம் ஸ்பிரிங்ளர் ஓடவிட்டுக் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கொள்கை சரிதான்: ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளியிடுவதால், தொடர்ந்து நனையும் இலை சுழியத்தை விட்டுக் கீழே போகாது. ஆனால் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை எடுத்துக்கொண்டு போகும். நடுவில் மூன்று மணிக்குக் கரண்ட் போய்த் தெளிப்பு நின்றால், ஒன்றும் செய்யாத பாத்தியைவிட உங்கள் பாத்தி மோசமாகும். வீட்டுத் தோட்டத்துக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. ஈரத்தழையைக் கொளுத்திப் புகை போடுவதும் கண் எரிச்சலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தராது. கார்த்திகைக்குப் பின் யூரியா போடுவதை நிறுத்துங்கள்; அது தரும் இளந்துளிர்தான் முதலில் கருகும்.

ஏற்கெனவே கருகிய செடிகளை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். கருகிய மேல் இலை, அடுத்த இரவில் கீழே உள்ள பச்சைக்குக் குடையாக நிற்கிறது. பத்து நாள் கழித்துத் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் விட்டுவையுங்கள். பழுப்பாகவும் நாராகவும் இருந்தால் அந்த இடம் வரை போய்விட்டது. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளிருந்து மறுபடி துளிர்க்கக்கூடும். பீன்ஸ் தரைமட்டம் வரை கருகியிருந்தால் பிடுங்கிவிட்டு, மாசி பாதி கழிந்தபின், ஓடைக்கரையை விட்டு வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் விதையுங்கள். பழைய பாத்தியில் அடுத்த மார்கழிக்குப் பூண்டோ முட்டைக்கோஸோ இருக்கட்டும்.