இரண்டு தறியை விற்க வேண்டாம்

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். ஓவியம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டிசைன் கல்லூரியில் வருடத்துக்கு 4 லட்சம் கேட்கிறார்கள். இடம் பிடித்து வைக்க ஏஜெண்டிடம் 20,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். எனக்கு இருப்பது நான்கு விசைத்தறி. இரண்டை விற்று, மீதிக்கு வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா? இல்லை, பேசாமல் பி.காம். சேர்த்துவிடட்டுமா? படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?
– நெசவாளர் ஒருவர், பொதட்டூர்பேட்டை

பதில்: தறியை விற்க வேண்டாம் ஐயா. பிள்ளையை பி.காமிலும் தள்ள வேண்டாம். ஓவியம் படிக்க நான்கு லட்சம் வேண்டும் என்று உங்களிடம் சொன்னது யார்? அந்த ஏஜெண்ட்தானே?

திருத்தணியில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் நடந்து போகிற தூரத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய ஓவியப் பள்ளிகளில் ஒன்று. நான்கு வருடப் பட்டப்படிப்பு. ஓவியம், சிற்பம், அச்சு ஓவியம், செராமிக் எல்லாம் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கென்றே வைத்தது போலத் துணி வடிவமைப்புக்கும் தனிப் பிரிவு உண்டு. கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு பெயரும் இல்லாததுதான் எனக்கு வருத்தம். தனக்குக் கமிஷன் வராத கல்லூரியைப் பற்றி ஏஜெண்ட் வாய் திறக்க மாட்டார்.

கடனைப் பற்றிக் கேட்டீர்கள், கணக்கைப் பார்த்துவிடுங்கள். நான்கு வருடத்துக்குக் கட்டணம் மட்டும் 16 லட்சம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்தைப் பிணையாகக் கேட்கும். 16 லட்சத்தையும் கடனாகவே வாங்கி 10.5 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை 21,500-க்கு மேல் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. வேலைக்குப் போன முதல் மாதமே இத்தனை பணத்தை எடுத்து வைக்க வேண்டிய பிள்ளை, பிடித்த வேலையைத் தேடுவாளா, கிடைத்த வேலையில் விழுவாளா? தறியை விற்றால் தவணை குறையும், ஆனால் அப்புறம் வீட்டில் மிச்சம் ஓடுவது இரண்டே தறி. தம்பி தங்கை இருந்தால் அவர்கள் படிப்பையும் அந்த இரண்டு தறிதான் இழுக்க வேண்டும்.

சரி, சென்னையில் தங்கும் செலவு? பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் போய் வரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டப்படிப்பு வரை பெண்பிள்ளைகளுக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் பஸ், ரயில் என்று தினமும் ஐந்து ஆறு மணி நேரம் வழியிலேயே போய்விட்டால், வரையக் கை எங்கே வரும்? பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் வருமான வரம்புக்குள் வரும் பிள்ளைகளுக்கு இடமும் சாப்பாடும் இலவசம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். விடுதிப் பிள்ளைக்குத் தாளும் கலரும் வாங்க அது பெரிய துணை.

பொருள் செலவைப் பற்றியும் பயம் காட்டியிருப்பார்கள். முதல் வருடத்தில் தேய்வது பென்சிலும் கரியும் தாளும்தான். கடையில் விலை கொடுத்து கேன்வாஸ் வாங்க வேண்டாம். காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஃபெவிகாலும் வெள்ளைப் பொடியும் கலந்து இரண்டு கை பூசினால் அதுவே கேன்வாஸ். ஆந்திரப் பக்கம் காளஹஸ்தியில் கலம்காரி ஓவியர்கள் பாலும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்தி, மூங்கில் குச்சியால் சாமி படம் எழுதுவதும் காடாத் துணியில்தான். பஸ் ஏறினால் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். மகளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

பணத்தை விடக் கடினமானது அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர எழுத வேண்டிய வரைதல் தேர்வு. அதில் தேறினால்தான் இடம். போட்டி உண்டு. அறிவிப்பு பிளஸ் டூ முடிவை ஒட்டி வரும், கவனமாகப் பாருங்கள். அதுவரை அவளை வீட்டு வேலையிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் விடுவித்துவிடுங்கள். பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்கள், தறி ஓட்டும் உங்கள் கை, அறுந்த பாவு நூலை முடிச்சுப் போடும் அம்மாவின் விரல், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி ஏறும் காவடி – எல்லாவற்றையும் நேரில் பார்த்து வரையட்டும். செல்போனில் உள்ள படத்தைப் பார்த்து வரைந்தால் கை தேறாது. இந்த வருடம் இடம் கிடைக்காமல் போனால்? பதறிப் போய் தனியாரில் கட்ட வேண்டாம். ஒரு வருடம் வரைந்து பழகி மறுபடி எழுதட்டும். ஒரு வருடம் போவது பெரிய நஷ்டமில்லை, வீடு அடமானத்தில் போவதுதான் நஷ்டம்.

சோறு கிடைக்குமா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சென்னை கவின் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், குடும்பச் சுமைக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டுத்தான் ஓவியம் படிக்க வந்தார். அவர் முன்னின்று 1966-ல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கைகொடுத்தது, ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற பணம். வெறும் படத்தை நம்பி அவர்களும் உட்காரவில்லை. உங்கள் மகளுக்கு அதைவிட நல்ல தொடக்கம் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது என்று தெரிந்த பிள்ளை துணி வடிவமைப்பு படித்தால், யாரோ அனுப்பும் டிசைனை நீங்கள் கூலிக்கு ஓட்டும் நிலை மாறலாம். ஆனாலும் எந்தப் பிரிவு என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். கடிதம் முழுக்கத் தேடினேன், அவள் என்ன வரைகிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. இன்று இரவு அவள் நோட்டைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து பாருங்கள்.

பிறகு அந்த 20,000. சேரப் போவதில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று கல்லூரி பெயருக்கே டெலிவரி சான்று கேட்டு ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். ஏஜெண்ட் கொடுத்த ரசீதின் நகலையும் சேர்த்து வையுங்கள். ரசீதே தரவில்லை என்றால், வங்கி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். மதிப்பெண் பட்டியலின் அசலை அவரிடம் கொடுத்திருந்தால், பணத்துக்கு முன்னால் அதை வாங்கிவிடுங்கள். அரசுக் கல்லூரியில் சேர அது வேண்டும்.