ஐரிஷ் வீட்டுப்பாடம்: உடையை வர்ணிக்கப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: நாங்கள் டப்ளினில் இருக்கிறோம். ஏழு வயது மகள் ஃபர்ஸ்ட் கிளாஸ் படிக்கிறாள். ஐரிஷ் பாடத்தில் இப்போது உடைகள் பற்றி நடக்கிறது. ‘என்ன போட்டிருக்கிறாய் என்று ஐந்து வாக்கியம் எழுது’ என்பது வீட்டுப்பாடம். சிவப்புக் கோட்டு என்பதற்கு ‘ஜரக் கோத்தா’ என்று எழுதினாள். டீச்சர் ‘கோத்தா ஜரக்’ என்று திருத்தியிருக்கிறார். அது புரிகிறது. ஆனால் வெள்ளைச் சட்டைக்கு ‘லேனியெ பான்’ என்று சரியான வரிசையில் எழுதியதையும் சுழித்து, ‘பான்’ என்ற சொல்லில் பி-க்குப் பின்னால் ஓர் எச் சேர்த்திருக்கிறார். ஏன் என்று அவள் கேட்கிறாள். எனக்கும் கணவருக்கும் ஐரிஷ் ஒரு வார்த்தை தெரியாது. எப்படி உதவுவது? தமிழ், ஆங்கிலத்தோடு இதுவும் சேர்ந்தால் குழம்பிவிடுவாளா?

பதில்: முதலில் அந்த எச். ஐரிஷில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆண்பால் அல்லது பெண்பால். உயிரில்லாத துணிமணிக்கும் அப்படித்தான். கோட்டு (கோத்தா), ஸ்வெட்டர் (கியன்ஸி), பேன்ட் (ப்ரீஷ்டெ), தொப்பி (ஹத்தா) எல்லாம் ஆண்பால். பாவாடையும் (ஷ்கிர்த்தா) கவுனும் (கூனா) கூட ஆண்பால்தான், ஆகவே யார் உடுத்துகிறார்கள் என்பதை வைத்து ஊகிக்க முடியாது. சட்டை (லேனியெ), ஷூ (ப்ரோக்), ஸ்கார்ஃப் (ஸ்கஃப்) பெண்பால். பெண்பால் பெயருக்கு அடுத்து ஒட்டி வரும் பெயரடையின் முதல் மெய் மெலிந்துவிடும். எழுத்தில் அதைக் காட்டத்தான் எச் போடுகிறார்கள். ‘பான்’ (பாலு என்ற பெயரில் வரும் ப) ‘வான்’ ஆகிறது. வெள்ளைச் சட்டை, ‘லேனியெ வான்’.

இது உங்களுக்குத் தெரிந்தால் போதும். மகளிடம் ஆண்பால் பெண்பால் என்று ஆரம்பிக்க வேண்டாம். ஏழு வயதில் விதியைச் சொன்னால், பிள்ளை ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசிக்கும், அப்புறம் வாயே திறக்காது. நான் பார்த்தவரை ஐரிஷ் மேல் பிள்ளைகளுக்கு வெறுப்பு வருவது இப்படித்தான். நிறங்களை மட்டும் தனியாக ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதையும் நிறுத்துங்கள். ‘பான் என்றால் வெள்ளை’ என்று தனியே பதிந்துபோனதால்தான் அவளுக்கு ‘வான்’ தப்பாகத் தெரிகிறது. ‘லேனியெ வான்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் முதல் நாளே கேட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? பெயரடை மாறாமல் நிற்கும் இடத்தில். ‘கோட்டு நனைந்திருக்கிறது’ என்பதற்கு ‘தா அன் கோத்தா ஃப்லுக்’ என்பார்கள். ‘தா’ என்றால் இருக்கிறது. அது வாக்கியத்தின் தலையில் வரும். ‘அன்’ ஆங்கிலத்தின் ‘தி’ மாதிரி. கடைசியில் வரும் பெயரடை இந்த அமைப்பில் பாலுக்காகவும் மாறாது, பன்மைக்காகவும் மாறாது. ‘லேனியெ வான்’ என்று மெலியும் அதே சொல், ‘சட்டை வெள்ளையாக இருக்கிறது’ என்னும்போது ‘தா அன் லேனியெ பான்’ என்று பழையபடி நிற்கிறது. ஷூக்கள் நனைந்திருந்தால் ‘தா நா ப்ரோகா ஃப்லுக்’, அவ்வளவுதான். பிள்ளை தைரியமாகப் பேச இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னொன்று: நிறத்திலேயே நின்றுவிடாதீர்கள். பள்ளித் தாள்களில் பெரும்பாலும் வண்ணம் தீட்டும் வேலைதான் இருக்கும். ஆனால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை நிறத்தைப் பற்றியா புகார் சொல்கிறது? ஈரம், அழுக்கு, இறுக்கம், பேன்ட் நீளம் என்றுதான் சொல்கிறது. அந்தச் சொற்களைக் கொடுங்கள். ஈரம் ஃப்லுக், அழுக்கு ஸலக், சுத்தம் க்லன் (ஃப்லுக், ஸலக் இரண்டிலும் கடைசி க் தொண்டையில் உரசி ஒலிக்கும்). பெரிது மோர், சிறிது பெக், நீளம் ஃபதா, புதிது நூவா. இவற்றின் முன்னால் ‘ரோ’ சேர்த்தால் ‘அளவுக்கு மீறி’ என்று பொருள். ‘தா அன் ப்ரீஷ்டெ ரோஅதா’, பேன்ட் ரொம்ப நீளம். ‘தா அன் கியன்ஸி ரோவெக்’, ஸ்வெட்டர் ரொம்பச் சின்னது. ஃபதா ‘அதா’ ஆனதையும் பெக் ‘வெக்’ ஆனதையும் கவனியுங்கள். அதே மெலிதல்தான். ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டது என்று சொல்லும் சாக்கில், எச் செய்யும் வேலை காதுக்குப் பழகிவிடும்.

அடுத்து, ‘நான் போட்டிருக்கிறேன்’. ஐரிஷில் உடை ‘என் மேல் இருக்கிறது’. ‘தா கோத்தா ஜரக் ஒரம்’, என் மேல் சிவப்புக் கோட்டு இருக்கிறது. உன் மேல் என்றால் ஒர்த், அவன் மேல் எர், அவள் மேல் உர்ஹி. கேள்வி, ‘கத் அதா ஒர்த்?’ பசியைக்கூட அவர்கள் ‘பசி என் மேல் இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள், ஆகவே ‘ஒரம்’ பல பாடங்களில் திரும்பத் திரும்ப வரும். போட்டிருக்கிறேன் என்பதற்கு ஆங்கிலத்தை ஒட்டிய இன்னொரு அமைப்பும் பள்ளியில் புழங்குகிறது, அதுவும் தப்பில்லை. ஆனால் நான் ‘ஒரம்’ தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். சின்ன வாக்கியம், வாய்க்கும் சுலபம்.

இந்த அமைப்பில் பெயரும் பெயரடையும் ஒட்டி வருவதால் மெலிதல் தேவைப்படும். இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. எல், என், ஆர் எழுத்துகளில் தொடங்கும் பெயரடைகளும் உயிரெழுத்தில் தொடங்குபவையும் ஒருபோதும் எச் ஏற்காது. எஸ்-ஸோடு டி, சி, பி, எம் சேர்ந்து தொடங்குபவையும் அப்படியே. ஆகவே சட்டைக்கு முதல் சில நாள் லீயா (சாம்பல் நிறம்), நூவா (புதிது), ஆலின் (அழகு), ஷ்ட்ரீக்கக் (கோடு போட்டது) என்று கொடுங்கள். ‘லேனியெ நூவா’, ‘லேனியெ லீயா’ எல்லாம் இருந்தபடியே சரி. அவள் சரளமானதும் ‘லேனியெ வான்’, கறுப்பு ஷூவுக்கு ‘ப்ரோக் கூவ்’, சிவப்பு ஸ்கார்ஃபுக்கு ‘ஸ்கஃப் யரக்’ மூன்றையும் ஜோடிச் சொற்களாகவே கொடுத்துவிடுங்கள். கறுப்பு தனியாக நின்றால் துவ். மெலிந்தால் அந்த முதல் ஒலி நம் ‘பகல்’ என்ற சொல்லின் நடுவில் வரும் க போல உரசும்.

சீருடையை வைத்து வீட்டுப்பாடத்தை முடித்துவிடலாம். அடர்நீல ஸ்வெட்டரும் சாம்பல் பேன்ட்டும் என்று வைத்துக்கொண்டால், ‘தா கியன்ஸி தூகொரம் ஒரம். தா லேனியெ வான் ஒரம். தா ப்ரீஷ்டெ லீயா ஒரம். தா ப்ரோகா துவா ஒரம். தா அன் ப்ரீஷ்டெ ரோஅதா.’ நான்காவதில் துவ், ‘துவா’ ஆனது பன்மைக்காக; ஷூ இரண்டல்லவா. வெள்ளைக் காலுறையும் அப்படியே ‘ஸ்தொக்கி பானா’. மஞ்சள் (ப்வீ), நூவா போன்றவை பன்மையிலும் மாறாது. ஐந்தாவது வாக்கியம் அவளுடைய சொந்தப் புகாராக இருக்கட்டும். இரண்டு பெயரடை சேர்க்க ஆசைப்பட்டால் அளவு முன்னால், நிறம் பின்னால்: ‘கோத்தா மோர் ஜரக்’. பழையது என்பதற்கான ‘ஷன்’ பெயருக்கு முன்னால் வந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கோட்டு, ‘ஷன்கோத்தா’. இதிலும் க மெலிந்து உரசும்.

விளையாட்டாகச் செய்ய உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். ஒருவர் படத்தில் இருப்பவரை வர்ணிக்க வேண்டும், மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். ‘தா லேனியெ வான் எர். கே ஹே?’ அவர் மேல் வெள்ளைச் சட்டை, யார் அவர்? பெண்ணென்றால் ‘உர்ஹி’, ‘கே ஹீ?’ பெயரோடு சொல்ல ‘தா சாரி ஜரக் எர் அம்மா’, அம்மா சிவப்புச் சேலை கட்டியிருக்கிறாள். சேலை, வேட்டிக்கெல்லாம் நம் சொல்லையே போட்டுக்கொள்ளட்டும். அவள் ‘லேனியெ பான்’ என்று சொல்லிவிட்டால் நிறுத்தித் திருத்தாதீர்கள். ‘ஓ, லேனியெ வான்!’ என்று நீங்கள் சரியாகத் திரும்பச் சொன்னால் போதும்.

நான் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருப்பது கிட்டத்தட்டதான். காதால் கேட்க, டியங்லன் என்ற இலவச இணைய அகராதியில் அல்ஸ்டர், கொனாக்ட், மன்ஸ்டர் என மூன்று வட்டார உச்சரிப்பும் ஒலிப்பதிவாக இருக்கிறது. முழு வாக்கியத்தை வாசித்துக் காட்ட டிரினிட்டி கல்லூரியின் அபர் தளம் இருக்கிறது. ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4 நிறுவனத்தின் குழந்தைகள் சேனல் கூலா4-ஐயும் போட்டு விடுங்கள். டீச்சர் எந்த வட்டாரத்தின்படி பேசுகிறார் என்று கேட்டுக்கொண்டு அதையே பின்பற்றுங்கள்.

குழப்பம் பற்றிய பயம் வேண்டாம். வீட்டில் தமிழை ஒருநாளும் குறைக்காதீர்கள். வீட்டு மொழியை மதித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்வது அயர்லாந்தின் தொடக்கப்பள்ளி மொழிப் பாடத்திட்டமே. சொல்லப்போனால் தமிழ் வாய்க்கு இங்கே சில வசதிகள் உண்டு. ‘தா’-வில் வருவது நம் பல்லில் படும் த-வேதான். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளை அதை ‘டா’ என்றே சொல்லும். ‘வான்’ என்பதை மன்ஸ்டரில் பல் பட்டும் வடக்கிலும் மேற்கிலும் உதடு குவித்தும் சொல்வார்கள். நம் வ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

அப்புறம், அடுத்த பாடம் எது என்று டீச்சரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். வானிலை என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி. ‘தா அன் கோத்தா ஃப்லுக்’ என்று சொல்லத் தெரிந்தவள், மழை நாளில் ‘தா ஷே ஃப்லுக்’ என்று சொல்ல ஒரு சொல்தான் மாற்ற வேண்டும்.