பாலாறு போய்ச் சேரும் கடல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கடலோரத்து நீரும் மண்ணும் பருவநிலை மாற்றத்தில் என்ன பாடு படுகின்றன என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து. எனக்கு இதில் மிகுந்த சந்தோஷம். நிலத்தடி நீர் வேலையில் என் காலம் பாதி கடலோரத்து மரக்காணம், சதுரங்கப்பட்டினம் பக்கமும் மீதி உள்நாட்டு ஆம்பூர், ஆற்காடு பக்கமும் கழிந்தது. இரண்டு இடத்திலும் பார்த்தது ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகளைத்தான்.

ஐயா, எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. கடல் அரிப்பு நமக்கு எதற்கு என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? (பள்ளி ஆசிரியை, காட்பாடி)

அவர்களைப் பாலாற்றுக்குக் கூட்டிப் போங்கள், அம்மா. ஆளுக்கு ஒரு பிடி மணல் அள்ளச் சொல்லி, இது எங்கே போக வேண்டிய மணல் என்று கேளுங்கள்.

கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு 348 கி.மீ. ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேர்கிறது. இதில் 222 கி.மீ. தமிழ்நாட்டில். பல மாதம் காய்ந்து கிடந்தாலும் வெள்ளம் வரும் சில நாட்களில் மணலை உருட்டிக்கொண்டு போய்க் கடலில் கொட்டும். அலை அதை வாங்கிக் கரையோரமாகவே நகர்த்தும். நம் கிழக்குக் கரையில் வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கடற்கரைக்கும் வரவு செலவு உண்டு. ஆறு கொண்டு வருவது வரவு, அலை கொண்டு போவது செலவு. குறுக்கே தடுப்பு கட்டியும் லாரி லாரியாக அள்ளியும் வரவை நாம் நிறுத்திவிட்டோம். செலவு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது.

இதற்கு மேல் கடலும் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியது. 2006க்குப் பிறகு வருடத்துக்கு 3.7 மி.மீ. வேகம். மணல் வரவு உள்ள கரை இதை ஓரளவு தாங்கும். மணலில்லாத கரை பின்வாங்கும்.

அப்புறம், அந்த மணலை இழந்ததில் முதல் நஷ்டம் நமக்குத்தான். பாலாற்று மணல்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த தொட்டி. ஆற்று மணலில் ஊறும் நீரை வயலுக்குக் கொண்டுவரும் ஊற்றுக்கால் வெட்டி, அதிலிருந்து நெல் விளைத்த ஊர்கள் வட ஆற்காடு முழுக்க இருந்தன. மணல் போனதும் ஊற்றுக்கால் காய்ந்தது, கிணறு இறங்கியது. இதைப் பிள்ளைகளின் தாத்தா பாட்டியிடமே கேட்டு வரச் சொல்லலாம்.

புயல் கடலில். வெள்ளம் எங்கள் வீட்டில். எப்படி? (குடியாத்தம்)

2021 நவம்பரைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நவம்பர் 19 அதிகாலை, புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரையைக் கடந்தது புயல்கூட இல்லை, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ஆனால் கௌண்டன்யா ஆறு உங்கள் ஊருக்குள் புகுந்தது. பேரணாம்பட்டில் சுவர் இடிந்து ஒரே வீட்டில் 9 பேர் இறந்தார்கள். வாலாஜா அணைக்கட்டில் பாலாறு விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. 1903க்குப் பிறகு அப்படி ஒரு வெள்ளத்தைப் பாலாறு பார்த்ததில்லை.

வங்கக் கடல் சூடாகி வருகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அந்த ஈரம் உள்நாட்டுக்கு வந்து ஜவ்வாது மலையிலும் சித்தூர் பக்க மலைகளிலும் மோதி மேலே ஏறும்போது கொட்டித் தீர்க்கிறது. பாறைச் சரிவில் விழுந்த மழை நிற்காது, சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிடும். எனவே காற்றின் வேகத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். செய்தியில் மழை அளவையும் ஆந்திர எல்லையில் பெய்வதையும் கவனியுங்கள். கௌண்டன்யா ஆற்றின் மேலே உள்ள மோர்தானா அணை நிரம்பி வழிகிறது என்ற செய்தி வந்தால், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அன்று இரவு மேட்டில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஊறிய மண்சுவர் வீட்டில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

மரக்காணம் பக்கம் என் மச்சான் நாலு ஏக்கர் வாங்கினார். முதலில் இனித்த போர் தண்ணீர் இப்போது கரிக்கிறது. இன்னும் ஆழமாகப் போடலாமா? (வேலூர், சத்துவாச்சாரி)

வேண்டாம், தயவு செய்து வேண்டாம். இந்தத் தவறை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கடலோரத்தில் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேல் பாலாடை போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பழைய கணக்கு. இதைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும்: மேலே ஓர் அடி குறைத்தால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலே ஏறும். உங்கள் மச்சான் ஆழமாகப் போவது உப்பைத் தேடிப் போவது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் இதே கதைதான். அதிகமாக இறைத்ததில் கடல் நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது.

என்ன செய்யலாம்? போரை நிறுத்திவிட்டு, ஆழம் குறைந்த அகலக் கிணறு ஒன்று. சின்ன மோட்டார். ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓட்டாமல், கொஞ்சம் இறைத்து, ஊற விட்டு, மறுபடி இறைக்க வேண்டும். நிலத்தில் விழும் மழை முழுவதும் ஒரு பண்ணைக் குட்டைக்கும் அந்தக் கிணற்றுக்கும் போகட்டும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை மாதம் ஒருமுறை சோதித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை அனுமதி, அதற்கு மேல் கூடாது.

மண்ணும் உப்பேறியிருந்தால் மழைக்கு முன் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழலாம். ஜிப்சம் போடுவது மண் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு, வடிகால் வசதியும் இருந்தால் மட்டும். நெல்தான் வேண்டும் என்றால் உப்பைத் தாங்கும் குழியடிச்சான் இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகள் பல காலமாகக் காத்து வைத்த ரகம்.

ஒன்று கேட்காமல் விட்டீர்கள். இனி யாராவது கடலோரத்தில் நிலம் வாங்கினால், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை, கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்க்கட்டும்.

கடலோரம் முழுக்கக் கல்லைக் கொட்டிவிட்டால் அரிப்பு நிற்காதா? (வாலாஜாபேட்டை)

கல் கொட்டிய இடத்தில் வீடு தப்பும், மணல் தப்பாது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடி மணலைக் கிளறி எடுத்துப் போகும். சுவர் முடியும் இடத்துக்கு அடுத்த ஊரில் அரிப்பு கூடும். சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையை இழந்தது. புதுச்சேரியிலும் 1989 துறைமுகத்துக்குப் பிறகு நகரத்துக் கடற்கரையே காணாமல் போனது. பிறகு கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தபோது கொஞ்சம் மணல் திரும்பியது.

கல்லைவிட எனக்கு நம்பிக்கை மணல் மேட்டில். அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டை யாரும் சமப்படுத்தாமல் விட்டாலே பாதிக் காவல். முகத்துவாரங்களில் அலையாத்திக் காடு. பிச்சாவரத்தில் 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது.

மீன் தடைக்காலம் இரண்டு மாதம்தான். ஆனால் ஜூன் முதல் வாரத்தில் விலை தாறுமாறாக ஏறுகிறதே? (மீன் வியாபாரி, வேலூர்)

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் உங்களுக்குக் கைகொடுப்பது கேரளம், மங்களூர் மீன். மேற்குக் கரைத் தடை ஜூன் 1இல் தொடங்கிவிடுகிறது, கேரளத்துக் கரையோரத்தில் மட்டும் சில நாள் தள்ளி. ஆக ஜூன் முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கரையும் பெரும்பாலும் மூடியிருக்கும். கடல் சூட்டால் மீன்களும் இடம் மாறுகின்றன. மேற்குக் கரை மீனாக இருந்த நெய் மத்தி, கடந்த சில பத்தாண்டுகளில் நம் பக்கமும் நிறையக் கிடைப்பது ஓர் அடையாளம்.

எங்கள் ஊர்த் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) தண்ணீரும் கடலுக்குப் போகிறதா? (ஆம்பூர்)

வெள்ளக் காலத்தில் கொஞ்சம் போகும். பெரும்பகுதி அங்கேயே உங்கள் கிணறுகளில் தங்கிவிட்டது, அதுதான் வேதனை. தோல் அழுகாமலிருக்கத் தடவும் உப்பு, நனைக்கும்போது தண்ணீருக்கு வருகிறது. சுத்திகரிப்பில், தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியத்தை எடுக்கலாம். கரைந்த உப்பை எடுப்பது கடினம், செலவும் அதிகம். ஆம்பூர்க் கிணற்று நீரைச் சோதித்த அன்று, மரக்காணத்துப் பாட்டிலை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். கடலே இல்லாத ஊரில் கடலோரத்து உப்பு.

1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்றது வேலூர் பக்கத்துத் தோல் ஷாப்புகள் பற்றிய வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே விவகாரத்தில் மறுபடியும் இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக்கும் உத்தரவிட்டது. இரண்டு தலைமுறை விவசாயிகள் காத்திருக்கிறார்கள். தோல் வேலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, தொழிலை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். நனைப்பதற்கு முன் தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பது எளிய வேலை. அதையாவது ஒவ்வொரு ஷாப்பிலும் கட்டாயமாக்கிச் சோதிக்க வேண்டும்.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து ஒரு லோடு பனங்கொட்டை வைத்திருக்கிறோம். கடற்கரையில் போய் நடலாமா? (ராணிப்பேட்டை)

நல்ல மனசு, தம்பி. ஆனால் அலைக்கு எதிரே உள்ள திறந்த மணலில் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் இடம் அது. கொட்டையைக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு எடுத்துப் போங்கள். அந்த ஏரி வழிந்தால் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர்க் கடலுக்குப் போகிறது. கரையின் மேல் நடாமல், வெளிச்சரிவின் அடியில், பத்தடிக்கு ஒன்றாக, ஒரு முழக் குழியில் புதையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.